பழம்பொருள் என்னும் சாட்சி

பழம்பொருள்களைப் பற்றி நம்மவரிடையே இரண்டு வகையான எண்ணங்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. மண்ணைத் தோண்டும்போது பழைய கல்லோ விக்கிரகமோ வெளிப்பட்டால், உடனே அதற்கு மஞ்சளும் குங்குமமும் பூசிக் கற்பூரம் கொளுத்தி வரம் கேட்போர் ஒரு சாரார். அதைக் கையில் தூக்கிப் பார்த்து, 'இதற்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும்?' என்று கணக்கிடுவோர் மற்றொரு சாரார். முன்னவர் அச்சத்தினால் அதை ஆராயாது விடுகின்றனர். பின்னவர் ஆசையினால் அதைக் கைவிட்டு விடுகின்றனர். இதைச் செய்தவர் யார், எக்காலத்தில் எதற்காகச் செய்தார், இது இவ்விடத்துக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்னும் கேள்விகள் இரு சாராருக்கும் தோன்றுவதில்லை. இக்கேள்விகளுக்கு விடை சொல்ல வல்லது எதுவோ அதுவே பழம்பொருள். அது கழிந்த காலத்தின் சாட்சி. சாட்சியைக் கும்பிடுவதாலும் அதனிடம் விலை பேசுவதாலும் வழக்குத் தீராது. அதை விசாரித்தல் வேண்டும்.

இவ்வுண்மையை அறிய நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில், லிங்கி ஆற்றையடுத்துப் பெங்காலான் கெம்பாஸ் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் வளர்ந்த பூமி. நம்மவர் மூன்று நான்கு தலைமுறைகளாகப் பால் வெட்டிய தோட்டங்கள் அப்பக்கத்தில் பல. அவ்வூரில் ஒரு பழைய கல்லறையும், அதனருகே நட்டு நிறுத்திய பெருங்கற்களும் உள்ளன. அவற்றுள் மூன்று கற்களுக்கு அவற்றின் வடிவத்தைக் கொண்டு வாள், சுக்கான், கரண்டி என்று மலாய் மக்கள் பெயரிட்டிருக்கின்றனர். வாள் எனப்படும் கல்லில் அரபு எழுத்தில் இறைவன் பெயர் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வட்டத் துளையுள்ள மற்றொரு கல்லும் அங்குண்டு. பொய் சொன்னவன் அத்துளைக்குள் கையை விட்டால் கல் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்பது வழிவழியாக வரும் கதை.

நாம் அங்குச் சென்றிருந்தபோது உடன் வந்த தோட்டத்து இளைஞர் ஒருவர் சிரித்துக்கொண்டே அத்துளைக்குள் கையை விட்டார். கை தடையின்றி வெளியே வந்தது. 'நான் உண்மை பேசுகிறவன்' என்றார். 'சரி தம்பி, இங்கே தூணில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா?' என்று கேட்டோம். அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அங்கிருந்து ஐந்தாறு மைல் தூரத்தில்தான் இருக்கிறது. கையைப் பிடிக்கும் கல்லின் கதையைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறார். எழுத்துள்ள தூணைப் பற்றி அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. குற்றம் அவருடையதன்று, அதைச் சொல்லிக்கொடாத நம்முடையது.

அத்தூண் சொல்லும் செய்தி யாது? அது ஆமாட் மஜானு என்பாரது கல்லறைத் தூண். அதன் பக்கங்களில் இருவகை எழுத்துகள் உள்ளன. ஒன்று அரபு எழுத்தில் எழுதிய மலாய். மற்றொன்று காவி எனப்படும் பழைய சாவக எழுத்து. அரபு எழுத்துப் பகுதியில் ஹிஜ்ரி 872 என்னும் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது, அது கி.பி. 1467-க்குச் சரியாகும். அப்போது மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆட்சி செய்து வந்தார். போர்த்துகேசியர் மலாக்காவைக் கைப்பற்ற இன்னும் 44 வருஷங்கள் இருந்தன. காவி எழுத்துப் பகுதியிலோ சக வருஷம் 1385 என்று இருக்கிறது, அது கி.பி. 1463-க்குச் சரியாகும். ஒரே தூணில் இரண்டு எழுத்து, இரண்டு ஆண்டுக்கணக்கு, இடையே நான்கு வருஷ வித்தியாசம்! ஐவர் எவான்ஸ் என்னும் அருங்காட்சியக அறிஞர் அவ்விடத்தைத் தோண்டி ஆராய்ந்து 1921-ம் வருஷத்தில் எழுதினார். காவி எழுத்துப் பகுதியை டி காஸ்பாரிஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் மீண்டும் ஆராய்ந்து 1980-ம் வருஷத்தில் கட்டுரை வெளியிட்டார்.

இதில் தமிழர்க்கு என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அங்கே குறிக்கப்பட்ட சக வருஷம், நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சாகி வரும் அதே சாலிவாகன சகாப்தம்தான். காவி எழுத்தோ, பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்து கடல்கடந்து சென்று சாவகத்தில் வளர்ந்து திரிந்த வடிவம். இஸ்லாம் இந்நாட்டில் வேரூன்றிய பின்னும் பழைய எழுத்தும் பழைய ஆண்டுக்கணக்கும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை என்பதை அத்தூண் காட்டுகிறது. மதம் மாறினும் மக்கள் தம் பழைய அறிவைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை என்னும் பேருண்மையை, பல ஏடுகள் சொல்லத் தவறியதை, ஒரு கல் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கையைப் பிடிக்கும் அதிசயத்தைவிட இது பெரிய அதிசயமன்றோ?

இனி, பழம்பொருளின் மதிப்பை மூன்றாகப் பகுத்துக் காண்போம்: கலை மதிப்பு, பண்பாட்டு மதிப்பு, சரித்திர மதிப்பு.

கலை மதிப்பு கண்ணுக்கு முதலில் தோன்றுவது. கோலப்பிலாவுக்கு அண்மையிலுள்ள ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர். 1902-ல் தொடங்கி 1908-ல் முடிந்த அம்மரமாளிகை 99 தூண்களின் மேல் நிற்கிறது. இரும்பாணி அடிக்காமல், மரத்தோடு மரம் பொருத்தியே அதை எழுப்பினார்கள். நம் முன்னோர் வார்த்த செப்புத் திருமேனிகளும் இத்தகையனவே. மெழுகில் உருச்செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவர். பின்னர் மண் அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டும். ஆகையால் ஓர் அச்சுக்கு ஓர் உருவம்தான்; அதைப்போல் மற்றொன்று உலகில் இராது.

பண்பாட்டு மதிப்பு என்பது ஒரு பொருளுக்கும் மக்கள் வாழ்வுக்கும் உள்ள உறவு. நெகிரி செம்பிலானிலும் அண்டையிலுள்ள மலாக்காவிலும் நட்டு நிறுத்திய பெருங்கற்கள் பல இடங்களில் உண்டு. மலாய் மக்கள் அவற்றை 'உயிருள்ள கற்கள்' என்பர். அவை வளர்கின்றன என்று பெரியவர்கள் நம்பி வந்தனர். கல் வளருமா என்று நாம் நகைத்தல் எளிது. ஆனால் கல் நட்டு மாண்டவரை நினைக்கும் வழக்கம் நமக்குப் புதியதா? ஆநிரை மீட்டு இறந்தோர்க்கு நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்லவில்லையா? தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ம் வருஷத்தில் கண்டெடுத்த நடுகற்கள் மூன்றிலும் தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. ரெம்பாவுப் பக்கத்துக் கல்லும் வைகைக் கரைக் கல்லும் ஒரே கை நட்டவை என்று நாம் சொல்லவரவில்லை. இறந்தாரை மறவாதிருக்க வேண்டும் என்னும் மனித உள்ளம் எங்கும் ஒன்றே என்பதையே சொல்கிறோம். அண்டை வீட்டாரின் பழம்பொருளை மதிக்கக் கற்றவனே தன் வீட்டுப் பொருளையும் மதிப்பான்.

சரித்திர மதிப்பே இம்மூன்றிலும் எளிதில் அழியக்கூடியது, அழிந்தால் மீளாதது. இதற்கு மூன்று சான்றுகளைக் காட்டுவோம்.

தென்தாய்லாந்தில், கிராபிப் பகுதியிலுள்ள குளோங்தோம் என்னுமிடத்தில் சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. காலம் கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு. பெரும்பதன் அரசனல்லன், பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் தொழிலாளி. தன் கருவியில் தன் பெயரை எழுதி வைத்தான், அவ்வளவே. ஆயினும் 1,600 வருஷங்களுக்கு முன்னரே தமிழ்த் தொழிலாளர் கடல்கடந்து இத்தீபகற்பத்தில் வேலை செய்தனர் என்பதற்கு, மன்னர் மெய்க்கீர்த்தி எதையும்விட அச்சிறு கல் உறுதியான ஆதாரமாக நிற்கிறது.

இரண்டாவது சான்று நியூசிலாந்திலுள்ள தமிழ் மணி. 1836-ம் வருஷத்தையொட்டி வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், மவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது விளிம்புடைந்த கப்பல் மணி. அதைச் சுற்றிலும் எழுத்து. முகையதீன் வக்குசு என்பாரது கப்பலின் மணி என்பது அதன் பொருள். அது இன்று வெல்லிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் தமிழ் முஸ்லிம் வணிகர் ஒருவரது கப்பல் மணி அத்தனை தூரம் எவ்வாறு சென்றது? கப்பல் உடைந்ததா, மணி மட்டும் கைமாறிச் சென்றதா என்று இன்றளவும் அறிஞர் வாதிடுகின்றனர். மணியின் எழுத்து பிழைத்தது. மணி முதலில் கிடைத்த இடமும் உடன் கிடைத்த பொருள்களும் பதிவாகவில்லை. ஆகவே சாட்சி பாதி பேசிப் பாதியில் நின்றுவிட்டது.

மூன்றாவது, விற்பனைக்குப் போன சாட்சி. 1976-ம் வருஷத்தில் தஞ்சைத் தரணியிலுள்ள பத்தூரில் கூலித்தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது ஒரு நடராஜர் திருமேனி வெளிப்பட்டது. சொற்ப விலைக்குக் கைமாறிய அது பல கைகளைக் கடந்து லண்டனை அடைந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 1991-ல் தாயகம் திரும்பியது. அவ்வழக்கில் வெற்றி கிடைத்தது எதனால்? பத்தூர்க் கோயில் நிலத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு அதை ஒப்பிட்டுக் காட்ட முடிந்ததனால். பிறந்த இடத்தோடு தொடர்பு அறாதிருந்த மற்றப் பொருள்களே அதை மீட்டுத் தந்தன. இடத்தினின்றும் பிரிக்கப்பட்ட பொருள் அநாதை என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

இடமே அழிந்தால் என்ன ஆகும்? இதற்கு நம் கடலின் இருகரையிலும் உதாரணம் உண்டு. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த பௌத்த விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். ஒல்லாந்தர் நாட்டை அடைந்ததனால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற சாசனம் இதைக் கூறுகிறது. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867-ல் இடித்துத் தள்ளப்பட்டது. அவ்வட்டாரத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் திருமேனிகள் பல தேசத்து அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. இக்கரையில், அதே கடாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துத் தோட்டத்துச் சண்டி என்று வழங்கிய பதினோராம் எண் கோயில் அடித்தளம் 2013-ல் நிலமேம்பாட்டு வேலைக்காக அழிக்கப்பட்டது. ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட அது ஒரு தோட்டத்தின் பெயரையே தாங்கியிருந்தது என்பதை நம் தோட்டத்து வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதை இடித்ததற்கு மதப் பகையோ யுத்தமோ காரணமன்று. நிலம் வேண்டியிருந்தது, அங்கே இருப்பது என்னவென்று கேட்பாரில்லை.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். விகாரம் இருந்த அந்த நாகப்பட்டினத்துறையிலிருந்துதான் நம் பாட்டன்மாரில் பலர் கப்பலேறினர். ரப்பரும் கங்காணியும் அவர்களை இங்கே கொண்டுவந்தன. 1938-ல் இந்திய அரசாங்கம் ஆள்கட்டுவதைத் தடைசெய்யும் வரையில் அவ்வோட்டம் நடந்தது. பின்னர் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி, சயாம் மரண ரயில், 1948-ல் தொடங்கிய அவசரகாலம், அதற்குப்பின் தோட்டத் துண்டாடல், ரப்பர் போய்ச் செம்பனை, இன்று செம்பனையும் போய் வீடமைப்பு நகரங்கள். சிரம்பானையும் நீலாயையும் சுற்றிப் பால்மரம் நின்ற இடங்களில் இன்று அடுக்கு வீடுகளும் கடைத்தெருவும் நிற்கின்றன. லயம் போயிற்று, பெரட்டுக் களம் போயிற்று. எஞ்சியிருப்பவை சில பொருள்களே: கப்பலில் வந்த தகரப் பெட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த செப்புக் குடம், தேய்ந்த பால்வெட்டுக் கத்தி, மங்கு, காண்டாக் கம்பு, ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு, செக்ரோல் ஏடு, பள்ளிக்கூடத்து வரவுப் பதிவேடு, இடுகாட்டில் சாய்ந்து கிடக்கும் பெயர்க்கல்.

இவையும் பழம்பொருள்களா என்று வியப்பவர்க்குப் பெரும்பதனின் உரைகல்லை நினைவூட்டுகிறோம். அதுவும் ஒரு நாள் தேய்ந்த வேலைக்கருவியாகத்தானே இருந்தது?

நாம் நேரிற்கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறாமல் இருக்க முடியவில்லை. இம்மாநிலத்தில் ஒரு தோட்டம். அங்கே கோயிலைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. பழைய வெண்கல மணியில் வெடிப்பு இருந்தமையால் நாதம் சரியில்லை என்று கருதிப் புது மணி வாங்கிவிட்டார்கள். பழைய மணி, தகரத்துண்டுகளோடும் உடைந்த குழாய்களோடும் பழைய இரும்பு வியாபாரியின் லாரியில் ஏறியது. எடைக்கு விலை, கணக்கில் ஒரு சிறு தொகை வரவு. அன்று மாலை, எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி நம்மிடம் வந்து, 'மணியில எங்க அப்பா பேரு இருந்துச்சுங்களே ஐயா, அதையும் சேர்த்தா குடுத்துட்டாங்க?' என்று கேட்டார். விசாரித்ததில், தோட்டத்து ஆட்கள் ஒருநாள் சம்பளம் போட்டு வாங்கிய மணி அது என்றும், பணம் கொடுத்தோர் பெயர்களை விளிம்பைச் சுற்றி வெட்டியிருந்தார்கள் என்றும் தெரிந்தது. அவர்களுள் சிலர் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். அவர்கள் பெயர் எழுதிய வேறு பொருள் எதுவும் அம்மூதாட்டிக்குத் தெரியவில்லை. மறுநாள் வியாபாரியைத் தேடிச் சென்றோம். மணி உடைபட்டு மூட்டைக்குள் போய்விட்டது.

கிழங்கு வேகவைத்த மவோரி மக்கள், எழுத்துத் தெரியாமலேயே தமிழ் மணி ஒன்றைக் காப்பாற்றித் தந்தார்கள். எழுத்துத் தெரிந்த நாம், நம் தகப்பன்மார் பெயர் வெட்டிய மணியை எடைக்குப் போட்டோம். அந்நிர்வாகிகள் தீயவர்களல்லர், கோயிலின் நன்மைக்கே பாடுபட்டவர்கள். நாமும் அங்கிருந்தோம், நாமும் அம்மணியின் விளிம்பை ஒருநாளும் வாசித்துப் பார்க்கவில்லை. ஆகவே பழியில் நமக்கும் பங்குண்டு.

இனிச் செய்யவேண்டியது என்ன? பெரும் பணமோ பட்டப்படிப்போ வேண்டுவதில்லை.

பழைய பொருளைப் புளியிட்டுத் துலக்குவதையும், கல்லுக்கு வர்ணம் பூசுவதையும், எழுத்துள்ள சுவரில் சுண்ணாம்பு அடிப்பதையும் முதலில் நிறுத்த வேண்டும். துலக்கத் துலக்கத் தேய்வது அழுக்கு மட்டுமன்று. எழுத்தும் உளியின் தடமும் தேய்கின்றன. திருப்பணி தொடங்குமுன், மணி, தூண், படிக்கல், பெயர்ப்பலகை எதுவாயினும் அதிலுள்ள எழுத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்தெழுதிப் புகைப்படமும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மண்ணில் ஏதேனும் வெளிப்பட்டால் அதை எடுத்துக்கொண்டு ஓடாமல், கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். 2005-ம் வருஷத்துத் தேசிய மரபுடைமைச் சட்டம் இக்கடமையை நம்மேல் வைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத சிலையை நகரத்துச் செல்வர்கள் அலங்காரத்துக்காக வாங்கலாகாது. வாங்குவார் இருப்பதனாலேயே திருடுவாரும் இருக்கின்றனர்.

வீட்டுப் பொருள்களுக்கு வேண்டியது இன்னும் எளிது. ஒரு துண்டுக் காகிதம் போதும். இக்குடம் யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் புழங்கியது என்று பாட்டியைக் கேட்டு எழுதிக் குடத்துக்குள் போட்டுவையுங்கள். அக்காகிதம் இல்லாவிட்டால் அது நாளைக்கு வெறும் செம்பு. இருந்தால் ஒரு குடும்பத்தின் சரித்திரம். தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றிலும் கண்ணாடி அலமாரி ஒன்று வைத்து இப்பொருள்களைக் குறிப்போடு சேர்த்து வைத்தால், குழந்தைகள் தம் முன்னோரை ஏட்டில் தேடும் முன்பே கண்ணால் காண்பார்கள்.

பெங்காலான் கெம்பாஸ் துளைக்கல் பொய்யன் கையைப் பிடிப்பதில்லை என்பதை நாம் கண்டோம். ஆயினும் அக்கதையில் ஓர் உண்மை உண்டு. சாட்சியின் முன் நின்று பொய் சொல்லத் துணியக்கூடாது என்று முன்னோர் கருதினர். சாட்சிகளை ஒவ்வொன்றாக இழந்துவிட்டால், நம்மைப் பற்றி எவரும் எதையும் சொல்லலாம். 'இவர்கள் நேற்று வந்தவர்கள். இந்நாட்டுக்கு இவர்கள் செய்தது ஒன்றுமில்லை' என்று நாளை ஒருவர் சொன்னால், மறுத்துக்காட்ட நம் கையில் என்ன இருக்கும்? உரைகல் இருக்கிறது, அது பெரும்பதனுக்காகப் பேசும். நம் தகப்பனுக்காகவும் தாய்க்காகவும் பேசக்கூடியது அந்தத் தேய்ந்த கத்தியும், துருப்பிடித்த பெட்டியும், இடுகாட்டுப் பெயர்க்கல்லும்தான்.

இவ்வாரமே உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய இரும்பு லாரி வாரந்தோறும் வருகிறது.